செவ்வாயில் ஆறு ஓடியது என்று கல்லைப் பார்த்து எப்படிச் சொல்கிறார்கள்?

கேள்வி இதுதான்: "செவ்வாயில் ஆறு ஓடியது, ஏரி இருந்தது என்று அடிக்கடி செய்தி வருகிறது. அங்கே ஒரு மனிதன்கூடப் போனதில்லை. ஏதோ ஒரு வறண்ட பள்ளத்தின் படத்தைக் காட்டி இது ஆறு என்கிறார்கள். எரிமலைக் குழம்போ காற்றோ அதைச் செய்திருக்கக் கூடாதா?"

நியாயமான சந்தேகம். மேலிருந்து எடுத்த படத்தை மட்டும் காட்டிச் சொன்னால் நானும் முழுதாக நம்பமாட்டேன். படம் ஏமாற்றும். ஏமாற்றியும் இருக்கிறது.

1971 நவம்பரில் செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்த மரைனர் 9, புழுதிப் புயல் அடங்கியபின் அனுப்பிய படங்களில்தான் கிளை கிளையாகப் பிரியும் பள்ளத்தாக்குகள் முதலில் தெரிந்தன. ஆறு என்ற பேச்சு அங்கிருந்து வலுத்தது. அப்புறம் 2004 ஜனவரியில் ஸ்பிரிட் என்ற ரோவரை, அதாவது சக்கரத்தில் ஓடும் ஆய்வு வண்டியை, குசெவ் என்ற, விண்கல் மோதி உண்டான பள்ளத்தில் இறக்கினார்கள். காரணம், தெற்கிலிருந்து பல நூறு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பள்ளத்தாக்கு நேராக அந்தப் பள்ளத்துக்குள் வந்து முடிகிறது. வாய்க்கால் ஒன்று குளத்தில் போய்ச் சேருவது போன்ற தோற்றம். அடியில் ஏரிச் சேறு கிடைக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். இறங்கிப் பார்த்தால் சுற்றிலும் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறை. அங்கே ஏரி இருந்திருந்தாலும் அதன் மேல் குழம்பு ஓடி மூடிவிட்டது. பக்கத்துக் குன்றுகளில் ஏறிய பிறகுதான் தண்ணீர் பட்ட பாறைகள் ஸ்பிரிட்டுக்குக் கிடைத்தன.

ஆக, எரிமலைக் குழம்பாக இருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பதில் தப்பே இல்லை. குசெவ் தரையில் அதுதான் விடையாக இருந்தது. பள்ளத்தின் வடிவத்தை வைத்து வழக்கு ஜெயிக்காது. துகளை வைத்துத்தான் ஜெயிக்கும்.

நான் நிலவியல் படித்தபோது, படிவுப் பாறை வகுப்பு எடுத்த ஆசிரியர் மேசையில் ஒரு கல்லை வைத்துவிட்டு, "இதை யார் தூக்கிட்டு வந்தது?" என்று மட்டும் கேட்பார். கல்லின் பெயரைச் சொன்னால் மதிப்பெண் கிடையாது. தூக்கிவந்தது யார், எங்கே இறக்கிவைத்தது, இறக்கிய பிறகு அதற்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். செவ்வாயிலும் இதே மூன்று கேள்விகள்தான்.

வீடு கட்டும் இடத்தில் கொட்டிக் கிடக்கும் ஜல்லியையும் ஆற்றில் பொறுக்கிய கூழாங்கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜல்லி உடைத்த கல், முனையெல்லாம் கூர். கூழாங்கல்லும் ஒரு காலத்தில் ஜல்லி மாதிரிதான் இருந்தது. மற்றக் கற்களோடு முட்டி மோதி உருண்டு வந்ததில் முனை மழுங்கியது. இப்படி மழுங்க வேண்டுமானால் கல்லைத் தூக்கி உருட்டிக்கொண்டே வர ஒரு ஆள் வேண்டும். எரிமலைக் குழம்பு அதைச் செய்யாது. பனிப்பாறை கல்லைச் சுமக்கும். ஆனால் பெரிசு, சிறிசு, மாவு எல்லாவற்றையும் கலந்து ஓரிடத்தில் கொட்டிவிட்டுப் போகும், தரம் பிரிக்காது. காற்று நன்றாகத் தரம் பிரிக்கும், ஆனால் அதன் கைக்கு அடங்குவது மணலும் தூசியும்தான். அதுவும் செவ்வாயின் காற்றழுத்தம் நம் தரைமட்டக் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே புயலே அடித்தாலும் எலுமிச்சை அளவுக் கல்லை உருட்ட முடியாது.

இப்போது கேல் பள்ளத்துக்கு வாருங்கள். 154 கி.மீ. அகலம், நடுவில் 5 கி.மீ. உயரத்துக்கு ஒரு மலை. க்யூரியாசிட்டி ரோவர் 2012 ஆகஸ்ட் 6 அன்று, இந்திய நேரப்படி காலை 11 மணி வாக்கில், அங்கே இறங்கியது. இறங்கும்போது ராக்கெட் எஞ்சின்கள் ஊதிய ஊதலில் ஓரிடத்தில் மேல்மண் விலகி அடிப்பாறை தெரிந்தது. அடுத்த சில வாரங்களில் அதே மாதிரி இன்னும் இரண்டு இடங்கள். அவற்றில் ஹொட்டா என்று பெயர் வைத்த பாறையை யாரும் பார்க்கலாம், படம் பொதுவெளியில் இருக்கிறது. உடைத்துப் போட்ட சிமென்ட் நடைபாதைத் துண்டு போலச் சாய்ந்து நிற்கும். உடைந்த விளிம்பில் கூழாங்கற்கள் மணலோடு இறுகி ஒட்டியிருக்கும். சில உதிர்ந்து கீழே கிடக்கும்.

கற்களின் அளவு 2 முதல் 40 மி.மீ. வரை. பல கற்கள் நன்றாக உருண்டவை. இந்த அளவுக் கல்லை நகர்த்த எவ்வளவு தண்ணீர், என்ன வேகம் என்று கணக்குப் போடலாம். செவ்வாயின் ஈர்ப்பு நம்முடையதில் 38 சதவீதம் என்பதையும் சேர்த்துத்தான். விடை: ஆழம் சில சென்டிமீட்டரிலிருந்து 90 செ.மீ. வரை, வேகம் நொடிக்கு 20 முதல் 75 செ.மீ. கணுக்காலிலிருந்து இடுப்பு வரை நனைக்கிற, நாம் நிதானமாக நடக்கும் வேகத்தில் ஓடிய ஆறு. வெள்ளப் பிரளயம் எல்லாம் இல்லை.

2015-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு இதிலிருந்து ஒரு படி மேலே போனது. கல் உருளும்போது முதலில் மூலைகள் தேயும், பிறகுதான் கல்லே சிறுக்கும். இந்தத் தேய்மானம் ஓர் ஒழுங்கில் நடப்பதால், கல்லின் வெளிக்கோட்டைப் பார்த்தே அது எவ்வளவு இழந்திருக்கிறது என்று சொல்லலாம். அப்படிப் பார்த்ததில் ஒவ்வொரு கல்லும் தன் பருமனில் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கிறது, ஏறக்குறைய 50 கி.மீ. உருண்டு வந்திருக்கிறது என்று தெரிந்தது. பள்ளத்தின் வடக்கு விளிம்பிலிருந்து வந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு அது ஒத்துப்போகிறது. புகைப்படத்திலிருந்து கல்லின் பயணச்சீட்டையே படித்துவிட்டார்கள். எனக்கு இதில் மிகப் பிடித்த வேலை இதுதான்.

சரி, ஓடியது ஒரு திரவம். அது தண்ணீர்தானா? இதுவும் கேட்க வேண்டிய கேள்விதான். சனியின் துணைக்கோள் டைட்டனில் 2005 ஜனவரியில் ஹைகன்ஸ் என்ற ஆய்வுக்கலம் இறங்கியபோதும் உருண்டையான கற்கள் தெரிந்தன. அங்கே ஓடுவது திரவ மீத்தேன். கற்களோ கல்லாக இறுகிய தண்ணீர்ப் பனி. ஆறு என்றாலே தண்ணீர் என்று ஆகிவிடாது. செவ்வாயில் இதற்கு விடை சொன்னது சேறு.

ஒரு டம்ளரில் கலங்கல் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். மணல் கண்ணெதிரே இறங்கிவிடும். வண்டல் இறங்கச் சில நிமிடங்கள் ஆகும். களி மட்டும் மறுநாள் காலையில்தான் தெளியும், அதுவும் டம்ளரை யாரும் அசைக்காமல் இருந்தால். கண்ணுக்குத் துகளே தெரியாத மென்சேறு ஏடு ஏடாகப் படிந்திருக்கிறது என்றால் தண்ணீர் அங்கே நின்றிருக்கிறது. ஆறு கூழாங்கல்லை வழியில் போட்டுவிடும், மணலை ஏரியில் கலக்கும் முகத்துவாரத்தில் போட்டுவிடும், சேற்றை ஏரியின் நடுவுக்குக் கொண்டுபோகும்.

2013 பிப்ரவரியில் யெல்லோநைஃப் பே என்ற தாழ்வான இடத்தில், ஜான் க்ளைன் எனப் பெயரிட்ட பாறையில் க்யூரியாசிட்டி துளை போட்டது. வேறொரு கோளின் பாறையில் ரோவர் ஒன்று குடைந்து மாதிரி எடுத்தது அதுவே முதல் முறை. 1.6 செ.மீ. அகலம், 6.4 செ.மீ. ஆழம், சுட்டுவிரல் போகிற அளவு. மேலே எல்லாம் துருச் சிவப்பு, உள்ளிருந்து வந்த மாவு சாம்பல் நிறம். சிவப்பு வெறும் தோல்தான். அந்த மாவில் ஐந்தில் ஒரு பங்கு களிமண் கனிமம். களிமண் கனிமத்தின் படிகத்துக்குள்ளேயே தண்ணீரின் பங்கு கட்டுண்டு இருக்கும். மீத்தேனோ திரவக் கார்பன்-டை-ஆக்சைடோ அதைச் செய்ய முடியாது. அமிலமும் அதிகம் இல்லை, உப்பும் அதிகம் இல்லை. குடித்திருக்கலாம் என்கிற அளவுக்கு நல்ல தண்ணீர் என்று ஆய்வுக் குழுத் தலைவர் ஜான் கிராட்சிங்கர் அப்போது சொன்னார்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. அந்தப் பாறையில் வெள்ளை நரம்புகள் ஓடுகின்றன. கால்சியம் சல்பேட், ஜிப்சம் இனம். செய்திகளில் இதையும் ஏரிக்குச் சாட்சி என்று போட்டார்கள். இல்லை. சேறு பாறையாகி, வெடிப்பு விழுந்து, அந்த வெடிப்புக்குள் பிறகு புகுந்த நிலத்தடி நீர் விட்டுப்போன உப்பு அது. தண்ணீர் இருந்ததற்குச் சாட்சி, ஏரி இருந்ததற்கு அல்ல. மேல்நீரையும் அடிநீரையும் குழப்பினால் கதையே மாறிவிடும்.

அப்படிப்பட்ட குழப்பம் ஒரு முறை பெரிய விவாதமாகவே நடந்தது. 2004-இல் ஆப்பர்ச்சுனிட்டி என்ற ரோவர் மெரிடியானி சமவெளியில் இறங்கியபோது கண்முன்னேயே அடுக்குப் பாறை இருந்தது. சல்பேட் உப்புகள், அமில நீரில் உண்டாகும் ஜரோசைட் என்ற கனிமம், மிளகு அளவில் இரும்புக் கனிம உருண்டைகள். தண்ணீரின் வேலை என்றார்கள். அதற்கு அடுத்த ஆண்டே, இது விண்கல் மோதிய வேகத்தில் தரையோடு பாய்ந்த புழுதி அலையின் படிவாக இருக்கலாம் என்று ஒரு கட்டுரையும், எரிமலைச் சாம்பலோடு கந்தக ஆவி வினைபுரிந்ததாக இருக்கலாம் என்று இன்னொரு கட்டுரையும் வந்தன. கடைசியில் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொண்ட விடை, தண்ணீரில் படிந்தது என்பதற்கும் இந்த மறுப்புகளுக்கும் நடுவில் இருக்கிறது: அங்கிருப்பதில் பெரும்பகுதி காற்று குவித்த மணற்குன்றுகள்தான். அடியிலிருந்து அமில நீர் ஊறி அவற்றை இறுக்கியது. அவ்வப்போது குன்றுகளுக்கு நடுவே ஆழமில்லாமல் தேங்கியது. ஏரி என்று சொல்ல முடியாது. காற்றா தண்ணீரா என்ற உங்கள் கேள்விக்கு அங்கே விடை "இரண்டும்".

கேலில் அப்படி முடியவில்லை. கிம்பர்லி என்ற இடத்தில் மணற்பாறை அடுக்குகள் தெற்குப் பக்கமாகச் சாய்ந்திருந்தன. தெற்கில் இருப்பது மலை. யோசித்துப் பாருங்கள், மலையடிவாரத்தில் மழைநீர் இறக்கிய மணல் என்றால் மலையிலிருந்து விலகிச் சாய வேண்டும். இது மலையை நோக்கிச் சாய்கிறது. ஆறு தேங்கிய நீருக்குள் நுழையும்போதுதான் மணல் இப்படி முன்னோக்கிச் சரிந்து சரிந்து படியும். அதாவது, ஆறு வடக்கு விளிம்பிலிருந்து வந்தபோது இன்று மலை நிற்கும் இடத்தில் மலை இல்லை, ஏரி இருந்தது. சேறும் மணலும் பள்ளத்தை நிரப்பி, அதன் மேல் காற்று கொணர்ந்ததும் சேர்ந்து, பிறகு அதே காற்று கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சுற்றிலும் அரித்து எடுத்ததில் நடுவில் மிஞ்சியதே அந்த மலை. ரோவர் மலை ஏறுகிறது என்பார்கள். உண்மையில் அது ஏரியின் அடியிலிருந்து வரலாற்றின் பக்கங்களை ஒவ்வொன்றாக மேலே புரட்டிக்கொண்டு போகிறது.

காற்று அரித்தது என்பதற்கும் அளவு இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் பாறையின் மேல் ஓரிரு மீட்டரை மட்டும் துளைத்து உள்ளே சில அணுக்களை மாற்றும். அந்த அணுக்களை எண்ணிப் பார்த்ததில், ஜான் க்ளைன் பக்கத்துப் பாறையான கம்பர்லண்ட் வெளிச்சம் கண்டு சுமார் 8 கோடி ஆண்டுதான் ஆகிறது என்று தெரிந்தது. அதே பாறையின் துகள்களுக்கோ பொட்டாசியம் சிதைந்து எவ்வளவு ஆர்கானாக மாறியிருக்கிறது என்று அளக்கும் பொட்டாசியம்–ஆர்கான் முறையில் வயது 421 கோடி ஆண்டு, 35 கோடி முன்பின். இது சேறு படிந்த வயது இல்லை. அந்தச் சேறு எந்தப் பாறைகள் தேய்ந்து வந்ததோ அவற்றின் வயது.

மலையின் அடிப்பகுதியில் சுமார் 300 மீட்டர் தடிமனுக்குப் பெரும்பாலும் ஏடு ஏடான சேற்றுப் பாறை. ஒவ்வோர் ஏடும் மில்லிமீட்டர் கணக்கு. ஏரி வற்றி வற்றி நிரம்பியிருக்கலாம். ஒரு முறை நிரம்பினால் நூறு முதல் பத்தாயிரம் ஆண்டு நின்றிருக்கும், எல்லாம் கூட்டினால் பத்தாயிரத்திலிருந்து ஒரு கோடி ஆண்டு வரை என்று 2015-இல் கிராட்சிங்கர் குழு மதிப்பிட்டது. இந்த இடைவெளி பெரியதுதான். ஆனால் ஒரு மழைக்குத் தேங்கிய குட்டை இல்லை என்பதற்கு அதன் கீழ் எல்லையே போதும்.

வற்றியது எப்படித் தெரியும்? வெயில் காலத்தில் ஏரித் தரை பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்க்காதவர் யார். 2016 கடைசியில் ஓல்ட் சோக்கர் என்ற பாறைப் பலகையில் க்யூரியாசிட்டி அதையே பார்த்தது: ஒரு மீட்டருக்குச் சற்று மேல் நீளம், மேலே ஓரிரு சென்டிமீட்டர் அளவுக் கட்டங்கள், வெடிப்புக்குள் புகுந்து இறுகிய மணல் இப்போது வரப்பு போலத் துருத்தி நிற்கிறது.

இதில் நுணுக்கமான ஒன்று இருக்கிறது. சேறு முதல் முறை காய்ந்து வெடிக்கும்போது ஒரு வெடிப்பு ஏற்கெனவே இருக்கும் வெடிப்பில் செங்குத்தாகப் போய் முட்டும். சாலை முச்சந்தி மாதிரி. நனைந்து காய்ந்து, மறுபடி நனைந்து காய்ந்து என்று பல முறை நடந்தால் அந்த முச்சந்திகள் மெல்ல மெல்ல வளைந்து மூன்று கைகளும் சம கோணத்துக்கு வந்துவிடும். கட்டங்கள் தேன்கூடு போல அறுகோணமாகும். 2021-இல் போன்டூர் என்ற இடத்தில் கிடைத்தவை இந்த அறுகோணங்கள். ஒரு தடவை வந்து போன வெள்ளத்தால் இது ஆகாது. ஈரக்காலமும் வறண்ட காலமும் மாறி மாறித் திரும்பத் திரும்ப வந்திருக்க வேண்டும். 2023-இல் இது வெளியானபோது உயிர் தோன்றும் வேதியியலில் அக்கறை உள்ளவர்கள் துள்ளிக் குதித்தார்கள். நனைந்து காய்வது சிறு மூலக்கூறுகளைக் கோத்துப் பெரிதாக்க உதவும் என்பது அவர்கள் வாதம்.

அப்புறம் அலைத் தடம். காற்றோ ஓடும் நீரோ மணலில் போடும் வரிகளுக்கு ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் செங்குத்து. கரையோரம் முன்னும் பின்னும் ஆடும் அலை போடும் வரிகளுக்கு இரண்டு பக்கமும் ஒரே சாய்வு. தண்ணீரையே கண்ணால் பார்ப்பதற்கு அடுத்தபடி சொல்லத்தக்க சாட்சி இது. க்யூரியாசிட்டி மலையில் உயரமாக ஏறிய பிறகு, உப்புகள் மிகுந்த, வறண்ட காலத்துப் படிவு என்று நினைத்த பகுதியில் இவை கிடைத்தன. 6 மி.மீ. உயரம், 4 முதல் 5 செ.மீ. இடைவெளி. கணக்குப்படி ஏரியின் ஆழம் 2 மீட்டருக்குள். முக்கியமான சங்கதி வேறு: மேலே பனிக்கட்டி மூடியிருந்தால் காற்று தண்ணீரைத் தொட்டு அலை எழுப்ப முடியாது. ஆக, சுமார் 370 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தத் தண்ணீர் திறந்த வானத்துக்குக் கீழே கிடந்தது.

எல்லோரும் இந்தக் கதையை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2021-இல் ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேல் பாறைகளின் வேதியியலை எடுத்துக்கொண்டு, பெரும்பகுதி காற்றில் வந்து விழுந்து மழையில் சிதைந்த புழுதிதான், ஏரிகள் சின்னவை, கொஞ்ச காலமே இருந்தவை என்று வாதிட்டார்கள். மலையின் மேல்பகுதிக்கு அது பொருந்தலாம். கீழ்ப்பகுதியின் கூழாங்கல்லையும் சாய்ந்த மணல் அடுக்கையும் காற்று செய்யவில்லை என்பது என் கருத்து. கவனியுங்கள், அவர்கள் வாதத்திலும் மழை இருக்கிறது. தண்ணீர் இருந்ததா என்ற சண்டை முடிந்து பல காலம் ஆகிறது; எவ்வளவு, எவ்வளவு நாள் என்பதில்தான் இப்போது சண்டை.

ஜெசரோவையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவியரன்ஸ் இறங்கிய 45 கி.மீ. பள்ளம். மேலிருந்து பார்த்தாலே விசிறி போல ஒரு டெல்டா தெரிகிறது. ஆனால் தரைப் பாறையைச் சுரண்டிப் பார்த்தால், குசெவ் கதை மறுபடியும்: ஏரிச் சேறு இல்லை, எரிமலைப் பாறை. டெல்டாவைக் காப்பாற்றியது கோடியாக் என்ற ஒற்றைக் குன்று. ரோவர் தூரத்திலிருந்தே எடுத்த படத்தில் அதன் செங்குத்து முகத்தில் கீழே தட்டையான அடுக்கு, நடுவில் சரிந்த அடுக்கு, மேலே மறுபடி தட்டையான அடுக்கு. ஆறு ஏரியில் கலக்கும் இடத்தின் குறுக்குவெட்டுப் படம் பாடப்புத்தகத்தில் எப்படி இருக்குமோ அப்படியே. சரிந்த அடுக்கின் மேல்முனை எங்கே முடிகிறதோ அதுதான் அன்றைய நீர்மட்டம். அதை அளந்ததில் ஏரி முன்பு நினைத்ததைவிடச் சுமார் 100 மீட்டர் தாழ்வாக இருந்தது என்று தெரிந்தது. டெல்டாவின் உச்சியில் ஒன்றரை மீட்டர் வரை பெரிய பாறாங்கற்கள். கடைசிக் காலத்தில் அங்கே வந்தது நிதானமான ஆறு இல்லை, காட்டாறு.

இவ்வளவு தண்ணீருக்குத் தேவையான வெப்பம் எங்கிருந்து வந்தது என்று அடுத்துக் கேட்பீர்கள். அன்றைய சூரியன் இன்றைக்கு இருப்பதில் முக்கால் பங்கு அளவே ஒளிர்ந்தது. தடித்த கார்பன்-டை-ஆக்சைடு போர்வை இருந்திருக்க வேண்டும். அதில் பெரும்பகுதி விண்வெளிக்குப் போய்விட்டது என்பதற்கு மேவன் விண்கலம் ஆர்கான் அளவை வைத்து 2017-இல் ஆதாரம் காட்டியது. இன்னொரு பகுதி பாறைக்குள் புதைந்தது; கேலில் துளைத்த சில பாறைகளில் எடையில் 5 முதல் 10 சதவீதம் சிடரைட் என்ற இரும்புக் கார்பனேட் இருப்பதாக 2025-இல் வெளிவந்தது. போர்வை மட்டும் போதுமா, ஹைட்ரஜன் போன்ற வேறு வாயுக்களும் கூட நின்றனவா என்று கணினி மாதிரிகள் போடுகிறவர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். அலைத் தடம் அவர்களுக்குத் தலைவலி. கல்லைப் படிப்பவர்களுக்கு அது தலைவலி இல்லை; ஏன் என்று தெரியாவிட்டாலும் தண்ணீர் ஆடியது ஆடியதுதான்.

உயிர் இருந்ததா என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் ஒரு வரி: ஜெசரோவுக்குள் வரும் ஆற்றுப் பள்ளத்தாக்கில், 2024-இல், சேயாவா ஃபால்ஸ் என்ற சேற்றுப் பாறையில் சிறுத்தைப் புள்ளிகள் போன்ற கறைகள் கிடைத்தன. பூமியில் நுண்ணுயிர்கள் இப்படிச் செய்வதுண்டு, உயிர் இல்லாமலும் இது நடக்கலாம். அதிலிருந்து எடுத்த மாதிரி ரோவரின் வயிற்றுக்குள் ஒரு குழாயில் இருக்கிறது.

மனிதன் போனதில்லை என்றீர்கள். 2023 ஜனவரி முடிவில் பெர்சிவியரன்ஸ் அப்படிப்பட்ட பத்துக் குழாய்களை டெல்டாவின் அடிவாரத்தில் தரையில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. விரல் பருமனுக்குப் பாறை, மணல், ஒரு குழாயில் வெறும் செவ்வாய்க் காற்று. எடுத்துவர ஆள்தான் வர வேண்டும்.